இமைத்தால் அவுட்

நான் வேலைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் டிரைவருக்கு எதிரே ஒரு கேமரா இருக்கிறது. டிரைவர் கொட்டாவி விட்டால் கத்தும், கண்ணை மூடினால் கத்தும், தும்மினால்கூடக் கத்தும். அது கத்தும்போதெல்லாம் பஸ்ஸில் இருக்கும் பெண்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். சிரிக்காவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். சொல்ல ஆரம்பித்தால் செய்யாறு வந்துவிடும், கதை முடிந்திருக்காது.

அந்த மாதிரிக் கேமராவை நான் முதலில் பார்த்தது நாலாம் வகுப்புப் படிக்கும்போது, அப்பாவின் லாரியில்.

அப்பா பிறந்தது தறிக்காரர் வீட்டில். கல்யாணம் ஆகும்வரை அவரும் தறியில்தான் இருந்தார். நாள் முழுக்கத் தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பது அவருக்கு ஒத்துவரவில்லை, லாரிக்குப் போய்விட்டார். அம்மா தறியிலேயே தங்கிவிட்டாள். அவளும் உட்கார்ந்த இடத்தில் மிதிக்கிறாள், நானும் உட்கார்ந்த இடத்தில் மிதிக்கிறேன், என்ன ஒன்று, நான் மிதித்தால் பெங்களூர் வருகிறது என்று அப்பா சொல்வார். அம்மா சிரிக்க மாட்டாள். அவள் மிதித்தால் ஒரு சாண் சேலை வரும், அதற்கே பொழுது போய்விடும்.

தறியை விட்டாலும் தறி அப்பாவை முழுசாக விடவில்லை. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலில் ஒரு இழை அறுந்தால் அந்த நுனியைத் தேடிப்பிடித்துப் பிணைக்க வேண்டும். பட்டு இழை எங்கே கண்ணுக்குத் தெரிகிறது? கண்ணைப் பாதி மூடி, இமை இடுக்கு வழியாகப் பார்த்தால்தான் தெரியும். எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் பார்ப்பார்கள். அப்பாவுக்கு அது ஊறிப்போன பழக்கம். மீன் வாங்கும்போது செவுளை அப்படித்தான் பார்ப்பார், என் மார்க்கை அப்படித்தான் பார்ப்பார். அவர் கண் அகலமாகத் திறந்திருந்தால் நினைப்பு வேறெங்கோ இருக்கிறது என்று அர்த்தம். பாதி மூடியிருந்தால் ஏமாற்ற முடியாது. திருட்டுத்தனம் செய்யும்போது நான் முதலில் கவனிப்பது அதைத்தான்.

அரிசி மில் லாரி ஓட்டிய காலத்தில் அப்பாவுக்கு இருந்த ஒரே சட்டம், மூட்டை நனையக் கூடாது என்பது. சாயங்காலம் லாரியைத் தெருமுனை வரை கொண்டுவருவார். தெரு நீளத்துக்கு யாராவது பாவு நூலை இழுத்து நீட்டியிருந்தால் உள்ளே வராமல் அங்கேயே நிறுத்திவிட்டு ஹாரன் அடிப்பார். நான் பாவுக்கு அடியில் குனிந்து ஓடிப்போய் ஏறிக்கொள்வேன். கடைத்தெரு வரை ஒரு சுற்று. அதுதான் எனக்குத் தெரிந்த உலகத்திலேயே உயரமான இடம்.

பிறகு செய்யாறு பக்கத்தில் ஒரு பெரிய கம்பெனியில் வேலை கிடைத்தது. பெயிண்ட்டில் கலக்கும் தின்னர் டின்களைப் பெங்களூருக்கு ஏற்றிப்போக வேண்டும். மாதச் சம்பளம், தீபாவளிக்குப் போனஸ். அம்மா எல்லா சாமிக்கும் தேங்காய் உடைத்தாள். கூடவே சட்டங்களும் வந்தன.

செருப்பு கூடாது, இரும்பு முனை வைத்த ஷூதான் போட வேண்டும். கேபினுக்குள் உட்கார்ந்திருக்கும்போதும் பச்சையாக மின்னும் கோட்டு. கம்பெனி கேட்டுக்குள் நுழைந்தால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே ஹெல்மெட். மேலேயிருந்து எது விழுந்தாலும் முதலில் லாரிக் கூரை மேல்தானே விழும் என்று அப்பா கேட்டிருக்கிறார். கூரை உடைந்தால் என்னய்யா செய்வாய் என்று பதில் வந்திருக்கிறது. எலுமிச்சம்பழம் கட்டக் கூடாது, சாமி படம் கூடாது, ஸ்டவ் கூடாது, கிளீனர் கூடாது, வெளியாள் யாரும் ஏறக் கூடாது. அந்த வெளியாளில் நானும் ஒருத்தி என்று தெரிந்தபோது நான் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று இருந்தது. வண்டி எங்கே நின்றாலும், தரை தண்ணீர் ஓடாத அளவுக்குச் சமமாக இருந்தாலும், முதலில் ஹெல்மெட் போட்டு, சக்கரத்துக்கு மரக்கட்டை முட்டுக் கொடுத்து, பின்னால் ஆரஞ்சுக் கூம்பு வைத்த பிறகுதான் அடுத்த காரியம். அந்த அடுத்த காரியம் மூத்திரம் போவதாக இருந்தாலும் சரி. ஒருமுறை அவசரத்தில் கட்டை வைக்காமல் இறங்கிவிட்டார். யாரோ போட்டோ எடுத்து அனுப்ப, வண்டி கொடுக்காமல் வெகுநாள் வீட்டில் உட்காரவைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அது அவர் கைக்கே பழகிப்போனது. வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினால்கூடச் செங்கல் தேடுவார். “சைக்கிளு எங்க ஓடிடப் போவுது?” என்று அம்மா தறியிலிருந்தே கேட்பாள். அப்பா அசடு வழியச் சிரிப்பார்.

அப்புறம்தான் கேமரா வந்தது. புதுசாக வந்த அன்று பைபாஸில் வண்டியை நிறுத்திவிட்டு என்னை அழைத்துப்போய்க் காட்டினார். நான் கீழேயே நின்றேன். அவர் மேலே உட்கார்ந்து கண்ணைச் சுருக்கினார். கீச்சென்று ஒரு சத்தம், அதைத் தொடர்ந்து ஒரு பெண் குரல் இந்தியில் ஏதோ திட்டியது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கேட்டேன். அப்பாவும் இரண்டு மூன்று தடவை திட்டு வாங்கிக்காட்டினார். அந்தத் திட்டெல்லாம் எங்கோ ஒரு ஆபீஸில் பதிவாகிக்கொண்டிருக்கிறது என்று அப்போது அவருக்கும் தெரியாது.

கேமராவின் பாஷையில் பாதி மூடிய கண் என்றால் தூக்கம். அப்பா எவ்வளவுக்கெவ்வளவு ரோட்டைக் கவனமாகப் பார்த்தாரோ அவ்வளவுக்கவ்வளவு தூங்கினார் என்று அது எழுதிவைத்தது. கம்பெனியில் கூப்பிட்டுப் பெரிய டிவியில் போட்டுக்காட்டினார்கள். சேஃப்டி சார் என்று ஒருவர், அப்பாவைவிட மிகவும் சின்னவர். திரை முழுக்க அப்பாவின் முகம், பாதி மூடிய கண், பின்னால் ஓடும் புளியமரங்கள். “தூங்கல சார், பார்த்துகினு இருந்தேன்” என்று அப்பா சொல்லியிருக்கிறார். அறையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். மெஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று சேஃப்டி சார் சொன்னாராம். இந்த மாதம் முடிவதற்குள் இது நிற்காவிட்டால் வண்டியை விட்டு இறக்கிவிடுவோம் என்றும் சொன்னாராம்.

அன்று அப்பா வீட்டுக்கு வந்து இதையெல்லாம் சொல்லும்போது அம்மா தறியை நிறுத்திவிட்டுக் கேட்டாள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளக் கூடாதா என்று கேட்டாள். கூடாது, கேமராவுக்கு அவர் கண் தெரியாது. வெயிலுக்கு மேலேயிருந்து இறக்குகிற தட்டியையாவது இறக்கிக்கொள்ளக் கூடாதா? கூடாது, கேமராவை மறைக்கும். அம்மா மறுபடி தறியை மிதிக்க ஆரம்பித்தாள். “அப்போ கண்ண தொறந்துகினே ஓட்டு. இன்னா பண்றது” என்றாள். அவளுக்கு வேறு என்ன சொல்லத் தெரியும்? மில் லாரியில் வேறு ஆள் சேர்த்துவிட்டார்கள்.

இப்படித்தான் எங்கள் ஆட்டம் ஆரம்பித்தது.

ஊரில் இருக்கும் நாட்களில், சாயங்காலம் வாசல் கதவைத் திறந்துவைத்து, வெயில் நேராக மூஞ்சியில் அடிக்கிற மாதிரி அப்பா பாயில் உட்காருவார். நான் வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதிரே உட்காருவேன். கண்ணைக் கொட்டாமல் ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டும். இமைத்தால் அவுட். சுருக்கினால் அவுட். கண்ணில் தண்ணீர் வந்தாலும் அவுட். இந்த மூன்றாவது சட்டம் நான் போட்டது. அப்பா தண்ணீர் வழிய வழியப் பார்த்துக்கொண்டே இருப்பார், அது அழுகுணி ஆட்டம் என்று நான் சண்டை போட்டுச் சேர்த்தேன். தறியில் உட்கார்ந்தபடியே அம்மா நடுவர்.

முதலில் நான்தான் ஜெயித்தேன். அது கொஞ்ச நாள்தான். பிறகு அப்பா தேறிவிட்டார். அவருடைய கண்கள் மாட்டுக் கண் மாதிரி அசையாமல் நிற்கும், தண்ணீர்கூட வராது. நான் மூக்கைச் சுளிப்பேன், நாக்கை நீட்டுவேன், ஒன்றும் பலிக்காது. அதன் பிறகு நான் ஜெயித்ததே இல்லை. ஒருநாள் அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் வாயிலிருந்து மிட்டாயை எடுத்து மறைத்துவைத்தேன். அப்பாவுக்குத் தெரியவேயில்லை. நேராக என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அது பெரிய சந்தோஷமாக இருந்தது, அப்பாவை இனி சுலபமாக ஏமாற்றலாம்.

லாரியில் இந்தி அம்மா வாயை மூடிக்கொண்டாள். மாதம் முடிந்தது, அடுத்த மாதமும் போனது. பாதுகாப்பு வாரம் என்று கம்பெனியில் ஷாமியானா போட்டு, விழிப்பான ஓட்டுநர் என்று அப்பாவுக்கு மாலை போட்டார்கள். ஒரு ஃபிளாஸ்க்கும் கொடுத்தார்கள். சேஃப்டி சாரோடு அப்பா நிற்கும் போட்டோவை அம்மா சாமி படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டினாள். அதிலும் அப்பாவின் கண் அகலமாகத்தான் இருந்தது.

அந்த வருஷம் மழை ஓய்ந்து வெயில் திரும்பிய சமயம். சாயங்காலம் சரக்கோடு ஆரணியைத் தாண்டிக் கண்ணமங்கலம் ரோட்டில் போய்க்கொண்டிருக்கிறார். அந்த ரோட்டில் அந்த நேரத்தில் சூரியன் கண்ணாடிக்கு நேராக வந்து உட்கார்ந்துவிடும். யாராக இருந்தாலும் கண்ணைச் சுருக்குவார்கள். அப்பா சுருக்கவில்லை. பக்கத்துச் சந்திலிருந்து பால் கேன் கட்டிய மொபெட்டில் ஒருவர் ரோட்டுக்கு ஏறினார்.

மீதியைப் பின்னாளில் அம்மா கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். சத்தம் கேட்டு வண்டியை நிறுத்தியிருக்கிறார். நிறுத்தியதும் ஹெல்மெட்டை எடுத்து மாட்டியிருக்கிறார். இறங்கி, சக்கரத்துக்குக் கட்டை வைத்திருக்கிறார். அது சரியாக உட்காரவில்லை என்று காலால் தட்டி உட்காரவைத்திருக்கிறார். கூம்பை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்திருக்கிறார். அங்கேதான் ரோடெல்லாம் பால் கொட்டி அந்த மனிதர் கிடந்தார். கூம்பைக் கீழே வைத்த பிறகுதான் அப்பா கத்த ஆரம்பித்தாராம். ஓடிவந்தவர்கள் அடித்த அடி, இடித்ததற்கு அல்ல. “மனுசன் சாவக் கெடக்கிறான், இவன் கட்டை வெச்சிகினு இருக்கான் பாரு” என்று சொல்லிச் சொல்லி அடித்திருக்கிறார்கள். கையில் வேறு யாரோ புகுந்துகொண்ட மாதிரி இருந்தது என்று அப்பா அம்மாவிடம் சொன்னாராம். அந்த மனிதர் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் இறந்துவிட்டார்.

கம்பெனியில் மறுபடியும் டிவி போட்டார்கள். அதே அறை, அதே சேஃப்டி சார். திரையில் அப்பாவின் முகம், பளீரென்று வெயில், அகலத் திறந்த கண். இதற்கு முன்னால் தூங்கினாய் என்று சொன்னவர் இப்போது, கண் நன்றாகத்தானே திறந்திருக்கிறது, வண்டி வருவதைப் பார்த்துக்கொண்டே இடித்திருக்கிறாயே என்றார்.

“கண்ணு தொறந்துகினுதான் இருந்துச்சு சார்” என்றாராம் அப்பா. “பாக்கத்தான் இல்ல.”

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ஷூ, கோட்டு, ஹெல்மெட் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

இது ஒன்றும் அப்போது எனக்குத் தெரியாது. அப்பா ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொல்லி என்னை வந்தவாசியில் சித்தி வீட்டில் விட்டிருந்தார்கள். ஸ்டேஷன், ஜாமீன் எல்லாம் முடிந்து அப்பா வீட்டுக்கு வந்த பிறகுதான் என்னைக் கூட்டிவந்தார்கள். வெறுங்காலோடு, பழைய லுங்கியில், வாசலைப் பார்த்தபடி பாயில் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் காயம் காய்ந்திருந்தது. சாயங்கால வெயில் நேராக அவர் முகத்தில் அடித்தது. கண்ணைக் கொட்டவே இல்லை.

எனக்காகத்தான் ஆட்டத்துக்குத் தயாராக உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தேன். வேறு எதற்கு ஒருவர் வெயிலைப் பார்த்துக் கண்ணை விரித்துக்கொண்டு உட்காருவார்? பையை மூலையில் போட்டுவிட்டு எதிரே போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். “ரெடியாப்பா?” என்றேன். என்னைத்தான் பார்த்தார். நானும் பார்த்தேன். எனக்குக் கண் எரிந்தது, விடவில்லை. வழியெல்லாம் பஸ்ஸில் தூங்கி வந்ததில் தெம்பாக இருந்தேன்.

அப்போது அப்பாவின் கண்ணில் தண்ணீர் வந்தது. முதலில் ஒரு பக்கம், பிறகு இரண்டு பக்கமும். துடைத்துக்கொள்ளக்கூட இல்லை, தாடி வழியாக இறங்கி லுங்கியில் விழுந்தது.

“அப்பா அவுட்டு” என்று கத்திக்கொண்டு எழுந்து குதித்தேன். எவ்வளவு நாளைக்குப் பிறகு கிடைத்த ஜெயம். அம்மாவிடம் ஓடினேன், நீ பார்த்தாய்தானே, நீதானே நடுவர் என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். அம்மா தறியில் கைவைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். என்னை அடித்திருக்கலாம் என்றுதான் இப்போது நினைத்துப்பார்க்கும்போது தோன்றுகிறது. அடிக்கவில்லை.

“ஆமா, நீதான் ஜெயிச்ச” என்றாள். “வெளிய போயி வெளையாடு.”

நான் தெருவுக்கு ஓடினேன். நடுத்தெருவில் பாவு நீட்டிக்கொண்டிருந்தவர்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். எனக்கு அது வசதியாகப் போயிற்று. அப்பா தோற்றுவிட்டார் என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னேன்.