விமானக்காரியின் வைக்கோல் உடம்பு

"...அதெல்லாம் சரிக்கா, உருவம் கட்டிக் கொளுத்துனாங்க இல்ல, அன்னிக்கு அந்தப் பொண்ணோட ஆத்தா தூங்குனான்னு எழுதியிருக்கியே, அது நெசமா?" என்று கேட்டாள். கடலூர் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து விற்கிறவள் அவள். காலை வியாபாரம் முடிந்து வந்தவளை உட்கார வைத்து, என் நாவலின் கடைசி அத்தியாயத்தை அப்போதுதான் வாசித்துக் காட்டியிருந்தேன்.

நான் எட்டாவதோடு நின்றவள். அண்ணாமலை நகரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் மாணவர்களின் ஆய்வேடுகளை டைப் அடிப்பதுதான் பிழைப்பு. அப்படி வந்த ஓர் ஆய்வேட்டில்தான் அந்தப் பெண்களை முதன்முதலாகச் சந்தித்தேன். இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தில், தொழிற்சாலையில் செய்த போர் விமானங்களைத் தனியாளாக ஓட்டிக்கொண்டுபோய்ப் படைத்தளத்தில் விட்டவர்கள். பேசுவதற்கு வயர்லெஸ்கூடக் கிடையாதாம். மேகத்துக்குள் மாட்டிக்கொண்டால் அவ்வளவுதான். நான் விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி, ஏறியதில்லை. ஆனாலும் அப்படிப் போன ஒரு கடலூர்ப் பெண்ணைக் கற்பனை செய்து எழுத ஆரம்பித்துவிட்டேன். என் கதையில் அவள் கடலில் விழுந்துபோகிறாள். உடல் கிடைக்கவில்லை; வைக்கோலில் உருவம் கட்டித்தான் கொளுத்துகிறார்கள்.

உடல் கிடைக்காத பிள்ளையைப் பெற்றவளின் மனசு எப்படி இருக்கும்? அது எந்த ஆய்வேட்டிலும் இல்லை. விசாரித்து விசாரித்துத்தான் இவளிடம் வந்து சேர்ந்தேன். இவள் மகன் கடலுக்குப் போய் இரண்டு வருடமாகிறது. படகின் பலகை மட்டும் கரை ஒதுங்கியது. லீவு நாளெல்லாம் சிதம்பரத்தில் பஸ் ஏறி வந்து இவள் பேச்சைக் கேட்டேன். "ஏரோப்ளேன்ல போனாலும் தண்ணியிலதான் வுழணுமா? நல்லா எழுதுன போ" என்று கிண்டல் செய்து சிரிப்பாள். சிரித்த வாய் மூடுவதற்குள் அழுவாள்.

மகனோடு கூடப் போன மூன்று பேர் வீட்டிலும் வைக்கோலால் உருவம் கட்டி, போனவனின் துணியை அதற்கு உடுத்திக் கொளுத்தி, காரியத்தை முடித்துவிட்டார்கள். இவள் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. காரியம் முடியாமல் மகளுக்குக் கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கூடாது என்று இவள் புருஷனின் அண்ணன் ஒற்றைக்காலில் நின்றார். மாப்பிள்ளை வீட்டாரோ, இந்த மாசம் தாண்டினால் வேறு இடம் பார்ப்போம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

நாவலில் அந்தத் தாய் பேசுவதெல்லாம் இவள் சொன்னது. அந்த ஒரு வரி மட்டும் இவளுடையதில்லை. அத்தியாயம் இப்படி இருட்டாகவே முடிகிறதே என்று, 'அன்று அவள் அயர்ந்து தூங்கினாள்' என நானே சேர்த்தது.

"நெசமில்லடி. யாரும் சொல்லல. நானா எழுதுனேன்" என்றேன். உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மகள் கையை நிறுத்தினாள். "வேணாம்னா அடிச்சிடறேன்."

"அடிக்காத. கெடக்கட்டும்." என் காகிதங்களின் மேல் கையை வைத்தாள். "காரியத்தச் செஞ்சா தூக்கம் வரும்னு நீயாச்சும் எழுதி வெச்சியே. எங்கிட்ட வர்றவங்க எல்லாம் கல்யாணப் பத்திரிகையப் பத்தித்தான் பேசுறாங்க."

"பொய்யின்னு சொல்றேனே, கேளுடி..."

கேட்கவில்லை. எழுந்து போய், ஆணியில் தொங்கிய மகனின் நீலச் சட்டையை எடுத்தாள். இரண்டு பாக்கெட்டிலும் கைவிட்டுப் பார்த்தாள். மடித்து ஒரு மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு, செருப்பை மாட்டி, புருஷனின் அண்ணன் வீட்டுக்கு நடந்தாள்.