ஸலாம் எட்டுகிற தூரம்

என் கெமராவோடு வந்த முதல் லென்ஸைக் கொன்றது கல்முனைக் கடற்கரை மணல். கரைவலை கரையேறுகிற நேரம், காற்று வருகிற பக்கமாகக் கெமராவைத் திருப்பிக்கொண்டு நின்றால் என்ன நடக்கும் என்று அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கும். பட்டம் முடித்த எனக்குத்தான் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து லென்ஸின் வளையத்தைத் திருகியபோது கறகறவென்று ஒரு சத்தம். இரண்டு நாளில் அது திருகவும் முடியாமல் இறுகிப்போனது.

அந்தக் கெமரா என் மூத்த சகோதரன் கட்டாரிலிருந்து அனுப்பியது. காக்கா என்று கூப்பிடுவோம். எங்கள் வீட்டில் உம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். வாப்பா அந்த அளவுக்கும் போகவில்லை, வயலுக்குப் போய்விட்டார். காக்காவும் பாதியில் விட்டுவிட்டு விமானம் ஏறியவர். சாதாரண தரம், உயர் தரம், பட்டம் என்று ஒவ்வொன்றையும் அந்த வீட்டு வாசலுக்குள் முதன்முதலாகக் கொண்டுவந்தது நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை. பட்டம் கிடைத்த கிழமை காக்கா அனுப்பிய பரிசு அது.

லென்ஸ் செத்த செய்தியை வட்ஸ்அப்பில் சொன்னேன். காக்கா சிரித்தார்.

"பெருநாளுக்கு வாறன். வரக்குள்ள ஒண்டு வாங்கிட்டு வாறன். ஒண்டுதான். எதெண்டு வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லு."

ஒன்றுதான். சோதனை மண்டபத்தில் ஒரே ஒரு கேள்வி போட்ட தாளைக் கையில் வைத்திருந்த மாதிரி இருந்தது எனக்கு.

கல்யாண வீட்டுக்கு என்றால் யோசிக்கத் தேவையில்லை. எங்கள் ஊர்க் கல்யாணங்களில் பெண்கள் பக்கத்துக்கு ஆண் கெமராக்காரர் வர முடியாது. அதனால் எங்கள் தெருவில் ஸ்டூடியோ வைத்திருக்கிற மாமா அந்தப் பக்கத்துக்கு என்னை அனுப்புவார், லென்ஸும் அவரே தருவார். எனக்கு வேண்டியது அதுவல்ல. நான் படிப்பிக்கிற பாடசாலை விட்டு வரும்போதும், சந்தைக்குப் போகும்போதும், வயல்பக்கம் சும்மா நடக்கும்போதும் தோளில் கிடக்கிற லென்ஸ் வேண்டும். இப்படிக் காரணமில்லாமல் கெமராவோடு நடப்பதற்கு உம்மா சம்மதித்து அப்போது மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அந்தச் சம்மதம் லேசில் கிடைக்கவில்லை.

நான் எதையும் படித்துப் பார்த்துச் செய்கிற ஆள். போனில் லென்ஸ்களைப் பற்றி ஆங்கிலத்தில் கிடைத்த எல்லாவற்றையும் வாசித்தேன். பிறகு சோற்றுக்குப் பின் வட்டிலப்ப இனிப்புத் தட்டை இழுத்து வைத்து வீட்டாருக்குப் பாடம் எடுத்தேன்.

"பெரிய கெமரா இந்தத் தட்டு முழுக்கப் பாக்கும். என்ட கெமரா நடுத்துண்டை மட்டும்தான் பாக்கும். அதனால லென்ஸுல முப்பத்தைந்து எண்டு போட்டிருந்தா, என்ட கெமராவுக்கு அது ஒண்டரை மடங்கு. ஐம்பத்திரண்டு மாதிரி, கொஞ்சம் கிட்டக்கத் தெரியும். விளங்குதா?"

வாப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப சுத்திக் கிடக்கிறத ஆரு திங்கிற?"

உம்மா சிரித்ததில் பாடம் அத்தோடு முடிந்தது. சுத்திக் கிடந்ததை வாப்பாவே தின்றார்.

ஆனாலும் விடவில்லை. பழைய லென்ஸால் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் திறந்து, ஒவ்வொன்றும் எந்த இலக்கத்தில் எடுத்தது என்று பார்த்து, ஒரு அப்பியாசக் கொப்பியில் கோடு போட்டேன். பதினெட்டிலிருந்து ஐம்பத்தைந்து வரை திருகக்கூடிய லென்ஸ் அது. கோடுகள் எல்லாம் முப்பதுக்கும் நாற்பதுக்கும் இடையிலே நாணல்போல அடர்ந்து நின்றன. நான் அறியாமலே அந்தத் தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்திருக்கிறேன்.

கொப்பியை ஸ்டூடியோ மாமாவிடம் காட்டினேன். அவர் அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"ஒண்டுதான் வாங்கலாமெண்டா எல்லாத்தையும் அள்ளுறத வாங்கு புள்ள. இந்தா, பதினெட்டிலயிருந்து இருநூறு. நிண்ட இடத்தில நிண்டு அறுகம்பேயில அலையில நிக்கிறவன்ட பல்லையும் எண்ணலாம்."

பிறகு மேசை லாச்சியைத் திறந்து, தேங்காய்ச் சிரட்டைப் பாதி அளவில் ஒன்றை எடுத்து வைத்தார். முப்பத்தைந்து. ஒரே இலக்கம், திருகுவதற்கு ஒன்றுமில்லை. "இதுவும் கிடக்கு. இதில ஸூம் உன்ட கால்தான். ரெண்டையும் கொண்டு போ, பாத்துட்டுத் தா."

இருநூறைத்தான் முதலில் மாட்டினேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அது கையில் இருக்கும்போது நானே பெரிய ஆள் போலத் தெரிந்தேன். மாவடிப்பள்ளிக்கு பஸ் ஏறினேன். வாப்பாவின் வயல் அங்கேதான். தூசு படாமல் இருக்கக் கெமராவை அபாயாவுக்கு மேல் போட்ட சால்வையால் மூடி, வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். காரைதீவில் ஏறிய சனத்தின் நெரிசலில் ஒரு மனிசி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு எழும்பினார்.

"இரி மகள், இரி. இப்பிடி நிக்கப்படாது. எத்தின மாசம்?"

எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. சால்வையை விலக்கி, "மாமி, இது கெமரா," என்றேன். அவர் அந்த நீளக் குழாயைப் பார்த்தார். "அல்லாஹ்! சுகமா பெத்தெடு," என்று சொல்லிவிட்டு மறுபடி சீட்டில் இருந்துகொண்டார். பின்சீட்டு வரை சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்தாலும், அந்தக் கனம் கழுத்தைப் பிய்த்தது உண்மை.

மாவடிப்பள்ளியில் இறங்கி வீதியில் நின்றே பார்த்தேன். பச்சை வயலின் நடுவே, தூரத்து வரம்பில் ஒரு பெண் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தார். வளையத்தை இருநூறுவரை திருகினேன். அவர் அப்படியே என் கண்ணுக்குள் வந்துவிட்டார். நெற்றி வியர்வை, அரிவாள் பிடித்த விரல்கள், தோளில் நழுவிக் கிடந்த தலைச்சீலை, முழங்காலுக்கு உயர்த்திச் செருகிய உடுப்பு. பத்துப் பதினைந்து தடவை அமத்தினேன். அவர் ஒருமுறைகூட நிமிரவில்லை. நான் எடுத்ததிலேயே நல்ல படம் இதுதான் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

உம்மா குசினியில் இருந்தார். கையைத் துடைத்துவிட்டுக் கெமராவை வாங்கிப் பார்த்தார். முகம் மாறியது.

"இது நம்மட பக்கத்து வயல்காரர்ட பொஞ்சாதியெல்லா. அவட தலையில சீலை இல்லையே."

"வேலை செய்யக்குள்ள அப்பிடித்தானே உம்மா."

"ஓம். ஆம்புளையள் ஒருத்தரும் இல்லாத நேரம் பாத்து அவ அப்பிடி நிண்டிருப்பா. நீ எங்க நிண்டு எடுத்த?"

"ரோட்டில."

"அவக்குத் தெரியுமா?"

நான் கொஞ்சம் படித்த குரலில் சொன்னேன்: "தெரியாம எடுத்தாத்தான் இயல்பா வரும். இதுக்கு இங்கிலீஸில ஒரு பேர் இருக்கு உம்மா."

"எங்களிட்டயும் இதுக்கொரு பேர் இருக்கு. ஒளிஞ்சி பாக்கிற."

உம்மா சத்தம் போடவில்லை. கெமராவை மெதுவாக அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, திறப்பைத் தன் கொத்தில் கோர்த்தார். "கல்யாண வீட்டுக்கு எடுத்துத் தருவன். சும்மா நடக்கிறதுக்கு இனி இல்ல. படிச்ச புள்ள எண்டுதான் விட்டன்."

அந்தக் கடைசி வரிதான் என்னைக் குத்தியது. மூன்று மாதத்துச் சம்மதம் ஒரு படத்தில் போய்விட்டது. அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. காக்காவுக்குப் பதில் சொல்ல இன்னும் மூன்று நாள். அலுமாரிக்குள் கிடக்கிற கெமராவுக்கு எந்த லென்ஸாக இருந்தால்தான் என்ன?

அடுத்த நாள் பாடசாலை விட்டு வந்ததும் உம்மாவிடம் போனேன்.

"உம்மா, படத்தக் கொண்டுபோய் அவட்டயே காட்டுறன். அழிக்கச் சொன்னா அவட முன்னுக்கே அழிக்கிறன்."

உம்மா திறப்புக்கொத்தைத் தந்தார். "அந்தக் குழாய வெச்சிட்டுப் போ. அவ பயந்துருவா."

அதனால்தான் சின்னதை மாட்டினேன். வேறொரு காரணமும் இல்லை.

இந்த முறை வீதியில் நிற்கவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரம்பு வழியே நடந்தேன். அவர் மாட்டைக் கட்டிக்கொண்டிருந்தார். ஸலாம் சொன்னால் கேட்கிற தூரம் வந்ததும் நின்று, ஸலாம் சொன்னேன். பதில் சொல்லிக்கொண்டே அவர் தோளில் கிடந்த சீலையை இழுத்துத் தலையில் போட்டார். அந்த ஒரு அசைவிலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நேற்று அவருக்கு நான் கொடுக்காமல் விட்டது அந்த ஒரு கணம்தான்.

வாப்பாவின் பேரைச் சொல்லி, நேற்று நடந்ததையும் சொல்லி, படத்தைக் காட்டினேன். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். பார்த்தவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"என்ட காலப் பாருங்களன், கொக்குக்கால்! அழி மகள், அழி. இத என்ட மகன் பாத்தா சவூதியில இருந்து அழுவான்."

ஒவ்வொன்றாக அழித்தேன். பதினைந்தும் போகும்வரை அவர் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "மறுகா நல்லதா ஒண்டு எடு," என்றார்.

அவ்வளவுதான், அவர் கட்டளை தொடங்கிவிட்டது. வாய்க்காலில் முகம் கழுவினார். சீலையைப் புதிதாகச் சுற்றினார். அரிவாளைக் கழுவிப் பிடித்தார். நான் குறிபார்க்க, "மாடும் வரணும்," என்றார். மாடு முழுதாக வரவில்லை, தலை வந்தால் வால் இல்லை. திருகுவதற்கு லென்ஸில் ஒன்றுமில்லை. இரண்டு அடி பின்னால் போனேன்.

"வால் வந்துட்டா?"

"இன்னம் இல்ல மாமி."

"போ, இன்னம் போ. கிறுகிப் பாக்காத, படம் கலஞ்சிரும்."

பின்னால் திரும்பிப் பார்க்காமலே போனேன். மூன்றாவது அடியில் வரம்பு முடிந்து, வாய்க்காலுக்குள் இடுப்பளவில் நின்றேன். கெமரா மட்டும் தலைக்கு மேலே இருந்தது. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். மாடும் திரும்பிப் பார்த்தது. தண்ணீருக்குள் நின்றபடியே அமத்தினேன். வால், கொம்பு, வயல், அரிவாள், தலையில் அவர் விருப்பப்படி கட்டிய சீலை, சிரிப்பு, எல்லாம் வந்துவிட்டது. நேற்றைய படத்தில் அவர் எனக்குத் தெரிந்தார். இந்தப் படத்தில் நானும் அவருக்குத் தெரிகிறேன். அவர் சிரிப்பது என்னைப் பார்த்துத்தான்.

கையைப் பிடித்து என்னை இழுத்தெடுத்துவிட்டு, "இத மகனுக்கு அனுப்பு," என்று இலக்கம் தந்தார்.

சேறோடு வீட்டுக்கு வந்த என்னிடம் உம்மா முதலில் கேட்டது படத்தை. நீண்ட நேரம் பார்த்தார். "மாடு கொழுத்துட்டு," என்று மட்டும் சொன்னார். திறப்பைத் திருப்பிக் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.

உடனே காக்காவுக்கு அழைத்தேன்.

"சின்னது வேணும் காக்கா. முப்பத்தைந்து."

"போச்சு! நீ பெரிசுதான் கேப்பாயெண்டு நேத்தே கடைக்குப் போய் வாங்கிட்டன். கூட இருக்கிறவனுக்கெல்லாம் காட்டியும் போட்டன்."

"மாத்துங்க."

"விளங்காத கத கதைக்காத. அத்தனை பேர் பாக்க நான் பெட்டிய உடைக்கணும். அதுக்குள்ள சிரட்டை மாதிரி ஒண்டு கிடந்தா ஊர் என்ன சொல்லும்? கட்டார்ல இவன் என்னத்தக் கிழிச்சான் எண்டு கேக்க மாட்டாங்களா?"

வட்டிலப்பம், கொப்பியில் போட்ட கோடுகள், பஸ் மாமி, வாய்க்கால் என்று எல்லாவற்றையும் சொன்னேன். பஸ் மாமியின் கதைக்கு அவர் போனைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தது கேட்டது. கடைசியில், "உம்மா என்ன சொல்றா?" என்றார். உம்மா என் கையிலிருந்த போனுக்குக் கிட்ட வந்து, "அவள் கேக்கிறதக் குடு மகன். நடக்கப் போறது அவள்," என்றார்.

பெருநாளுக்கு முந்திய நாள் காக்கா வந்தார். சொந்தக்காரர் எல்லோரும் கூடியிருக்க, ஒரு பெட்டியளவு கறுப்புக் கெமராப் பையை என்னிடம் தந்தார். உள்ளே அறை அறையாகப் பஞ்சு வைத்துத் தைத்திருந்தது. ஒரு மூலையில் நான் கேட்ட முப்பத்தைந்து தனியாகக் கிடந்தது.

"லென்ஸ் சின்னனெண்டா என்ன, பை பெரிசா இருக்கட்டுமே," என்று என் காதுக்குள் சொன்னார்.

அந்தப் பைக்குள் இப்போது உம்மா விருந்தாளிகளுக்கான பீங்கான் கோப்பைகளை வைத்திருக்கிறார். அறைக்கு ஒரு கோப்பை, நல்ல அளவு.

லென்ஸ் என் தோளில். எல்லாவற்றையும் அது அள்ளாது. அதையும் சொல்லத்தான் வேண்டும். தூரத்துக் கொக்கு அதில் அரிசி மணியாகத்தான் வரும். ஒருநாள் வரம்பில் கிட்டப் போய் அதுக்கும் ஸலாம் சொல்லிப் பார்த்தேன். பறந்துவிட்டது. ஆனால் இருட்டுக் குசினியில்கூட வெளிச்சம் அள்ளுகிறது, கழுத்து நோவதில்லை, பஸ்ஸில் எனக்காக யாரும் எழும்புவதுமில்லை. சந்தையில் மீன் வெட்டுகிறவர், தைக்கிற மாமி, ஐஸ்பழம் விற்கிறவர் என்று ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் ஒரு ஸலாம் இருக்கிறது. சிலர் வேண்டாம் என்பார்கள். அப்போது கொஞ்சம் கதைத்துவிட்டு வருவேன்.

போன கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தேன். உம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.

"எங்க போறாய்?"

"சும்மா, நடந்துட்டு வாறன்."

என் தோளைப் பார்த்தார்.

"வெறுந்தோளோட என்னத்துக்கு நடக்கிற? எங்க உன்ட கெமரா?"