மாமாவின் குறுக்குக் கம்பி

என் தாய்மாமா கட்டிய சைக்கிளில் ஹாண்டில்பாரை இடப்பக்கம் திருப்பினால் வண்டி வலப்பக்கம் போகும். எங்கள் குப்பத்தில் அதைப் பார்த்துச் சிரிக்காதவர் அவர் ஒருவர்தான்.

மகாபலிபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் இருந்தோம். எழுபதுகளின் தொடக்கம், நான் பன்னிரண்டு வயதுப் பெண். அப்பா இல்லை. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அம்மாவோடு மீன்கூடை சுமந்தேன். பஸ்ஸில் கூடையை ஏற்ற மாட்டார்கள். திருக்கழுக்குன்றம் வரை நடைதான். கூடைத் தண்ணீர் கண்ணில் இறங்கி எரியும். உச்சந்தலையில் முடி கொட்டி வழுக்கை விழுந்திருந்தது. அந்த வருஷம் அம்மாவின் முழங்கால் வீங்க ஆரம்பித்தது. சீக்கிரமே நான் மட்டும் நடக்க வேண்டியிருக்கும் என்று இருவருக்கும் தெரியும்.

மாமாவுக்குத் தோள்பட்டை போயிருந்தது. ஒரு நாள் அலை, கட்டுமரத்தையே தூக்கி அவர்மேல் போட்டது. துடுப்புப் போட முடியாது, இனி மீன் விற்கலாம் என்று முடிவு செய்தார். அது பெண்கள் வேலை என்று அதற்கும் சிரித்தார்கள். பழைய சைக்கிள் ஒன்றை நீட்டி, முன்னால் சின்னச் சக்கரம் வைத்து, அதற்கும் ஹாண்டில்பாருக்கும் நடுவில் மீன்பெட்டியைப் பொருத்தினார். ஹாண்டில்பாரின் அடியில் ஒரு இரும்புப் பட்டை, சின்னச் சக்கரத்தைத் தாங்கும் போர்க்கில் ஒரு பட்டை. இரண்டையும் இணைக்கப் பெட்டிக்குக் கீழே ஒரு நீளக் கம்பி. அந்தக் கம்பியை ஒரு பட்டையின் இடது முனையிலிருந்து மற்றதன் வலது முனைக்குக் குறுக்காக மாட்டினார்.

"இன்னா நைனா, வண்டி ரிவர்ஸ்ல திரும்புது?" என்று கேட்டார் சைக்கிள் கடைக்காரர்.

"துடுப்ப இந்தாண்ட தள்ளுனா கட்டுமரம் அந்தாண்ட திரும்புது. எட்டு வயசுலேர்ந்து அப்டித்தான் போய்கினு கீறேன். இதுல இன்னா தப்பு?"

அவருக்குத் தப்பே இல்லை. பெட்டி நிறைய மீனோடு அம்பு மாதிரி போவார். வேறு யார் ஏறினாலும் விழுந்தார்கள். மதியத்தில் அவர் தூங்கும்போது நானும் ஏறி ஏழு முறை விழுந்தேன்.

எட்டாவது முறை ஏறவில்லை. ஈரமணலில் உட்கார்ந்து, இரண்டு பட்டைகளுக்குப் பதிலாக இரண்டு சின்னத் தென்னை ஈர்க்குகளை நடுவில் முள் குத்தி நிறுத்தினேன். ஒரு நீள ஈர்க்கால் குறுக்காக இணைத்தால் ஒன்று இப்படித் திரும்ப, மற்றது அப்படித் திரும்பியது. ஒரே பக்கத்து முனைகளை இணைத்தால் இரண்டும் சேர்ந்து திரும்பின. ஆனால் அப்போது நீள ஈர்க்கு கொஞ்சம் மிஞ்சியது. சாய்ந்து போகிற வழி நேர்வழியைவிட நீளம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கடைக்காரரிடம் கெஞ்சி, கம்பியில் ஒரு விரல் அகலம் உள்ளே தள்ளிப் புதுத் துளை போட்டு, அதில் ஆணி செருகி ஒரே பக்கத்து முனைகளில் கம்பியை மாட்டினேன். வண்டி சொன்ன பக்கம் திரும்பியது. இனி மாமாவைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள் என்று சந்தோஷமாக இருந்தது.

காலையில் அவரிடம் சொல்ல நினைத்திருந்தேன். அவர் எனக்கு முன்னால் எழுந்துவிட்டார். மணலில் வண்டியைத் தள்ளிப்போய், கால்வாய்ப் பாலத்தருகே தார்ரோட்டில் ஏறி மிதித்தார். நேராகக் கால்வாய்க்குள் போனார்.

மீனெல்லாம் போயிற்று. அம்மா என்னை அடிக்க விறகுக்கட்டையோடு வந்தாள். இடுப்பளவு சேற்றில் நின்ற மாமா, "அவள வுடு," என்றார். பிறகு என்னிடம், "எப்டிடி மாத்துன?"

ஈர்க்குகளை வைத்துக் காட்டினேன். ஈரம் சொட்டச் சொட்டக் குந்திக்கொண்டு அவரே இரண்டு மூன்று தடவை திருப்பிப் பார்த்தார். என் தலையைப் பார்த்தார். அம்மாவின் முழங்காலைப் பார்த்தார்.

"சர்தான். இன்மே நீயே ஓட்டு. எனுக்கு இந்தக் கோணலு வண்டிலாம் ஒத்துக்காது, மரந்தான் சரி."

"பொட்டப் புள்ள ரோட்டுல சைக்கிளு வுடுறதா?" என்றாள் அம்மா.

"ஆம்பள நான் மீனு வித்தேன், அது மட்டும் நல்லாவா இருந்துச்சி?"

மறுநாள் அவர் கடலுக்குப் போனார். தினமும் மாலையில் அம்மா மணலை வறுத்துத் துணியில் கட்டி அவர் தோளுக்கு ஒத்தடம் கொடுத்தாள். நான் அவரைத் தோற்கடித்துவிட்டதாக நினைத்தேன். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. கூடை என் தலையைவிட்டு இறங்கியது. உச்சியில் முடி முளைத்தது. அம்மா வீட்டில் உட்கார்ந்தாள். ஒரு நாள் செங்கல்பட்டு வரைக்கும் மிதித்துப் போய் ரயிலைப் பார்த்துவிட்டு வந்தேன். அப்புறம் என் கால் ஓர் இடத்தில் நிற்கவில்லை. எத்தனையோ ஊர், எத்தனையோ வேலை. அத்தனைக்கும் அந்த வண்டிதான் ஆரம்பம்.

பல வருஷம் கழித்து ஒரு லாரி ஷெட்டில் வேலை செய்தபோது, கம்பி ஒன்றின் ஆணியைப் பிடுங்கிப் பக்கத்துத் துளையில் மாட்டினேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அப்போதுதான் மாமாவின் வண்டி நினைவுக்கு வந்தது.

மாமாவின் கம்பியிலும் நான் புதுத் துளைதான் போட்டேன். பழைய துளை பக்கத்திலேயே இருந்தது. அவருக்கும் ஒரு நிமிஷ வேலைதான்.