அம்மா பிடித்து வைத்த தண்ணீர்

எனக்குப் பத்து வயதில், ஒரு வெள்ளைக்காரரின் சின்னப் பாய்ப்படகைப் புதுச்சேரியிலிருந்து அந்தமானுக்கு ஓட்டிப்போகும் வேலை அப்பாவுக்குக் கிடைத்தது. படகுக்குச் சொந்தக்காரர் விமானத்தில் போய் அங்கே காத்திருப்பாராம். அப்பாவுக்குத் துணை மாமா, அம்மாவின் தம்பி. அம்மா செத்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. நான் தரையில் புரண்டு அழுததால் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள்.

அனுமந்தையில் எங்கள் குப்பமே வாயில் அடித்துக்கொண்டது. "பொட்டப்புள்ள கால் வச்ச படகு கரை சேருமா?" என்றார்கள். இது மீன்பிடிப் படகு இல்லையே என்று அப்பா சமாளித்தார். ஆனாலும் அவருக்கு உள்ளூர அந்தப் பயம் இருந்தது.

நான்கு கேன்களில் குடிதண்ணீர் நிரப்புவது என் பொறுப்பு. இரண்டை நிரப்பியதும் கை வலித்தது. வீட்டுப் பின்னால் இரண்டு கேன் நிரம்பியே இருந்தன. வேலை மிச்சம் என்று அவற்றையே எடுத்துவைத்தேன். மீனைக் கருவாட்டுக்கு ஊறவைக்க அம்மா உப்பளத்திலிருந்து பிடித்து வைத்திருந்த உப்புத்தண்ணீர் அது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. அவள் போனபின் கொட்ட யாருக்கும் மனம் வரவில்லை.

முதல் வாரம் கொண்டாட்டம்தான். என் இடுப்பில் கயிறு கட்டிப் பாய்மரத்தோடு பிணைத்திருந்தார்கள். சோற்றுக்குப் பாதி கடல்தண்ணீர் ஊற்றினார் மாமா. பிறகு காற்று செத்தது. பாய் துவண்டு தொங்கியது. இருந்த கொஞ்சம் டீசலும் தீர்ந்தது. செல்போனில் சிக்னல் என்ற பேச்சே இல்லை.

மூன்றாவது கேனைத் திறந்து ஒரு வாய் வைத்த மாமா துப்பினார். நான்காவதையும் திறந்து பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நான்தான் மாத்தி எடுத்தாந்துட்டேன் மச்சான்" என்றார்.

அப்பா ஓங்கி அறைந்தார். மிஞ்சியது இரண்டு பாட்டில் தண்ணீர். "பாப்பாவுக்குத்தான் மொதல்ல. ஒனக்குக் கடைசியிலதான்டா" என்று அதைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். மாமா தலையாட்டினார்.

அதிலிருந்து ஐந்தாம் நாள் ஒரு சரக்குக் கப்பல் எங்களைக் கண்டது. அப்பாவும் நானும் கயிற்று ஏணியில் ஏறினோம். மாமாவைத் துணியில் கட்டித் தூக்கினார்கள். விடியும்போதே அவர் உயிர் போயிருந்தது.

அப்பா இன்றும், "அவன் செஞ்ச தப்பு அவனையே கொண்டுபோச்சு" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்கிறார். நான் இன்றும் வாய் திறக்கவில்லை. பாவி என்று என்னைத் திட்டக்கூட ஆளில்லை.

கப்பல் வந்ததற்கு முந்தின சாயங்காலம், பாட்டில் மூடியில் என் பங்குத் தண்ணீரை ஊற்றிக் கொடுத்துவிட்டு அப்பா கண்ணயர்ந்தார். "பாப்பா, இங்க வாம்மா" என்று மாமா கூப்பிட்டார். அவருக்குக் குரலே எழும்பவில்லை. கேன் விஷயத்துக்குத் திட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, மூடியிலிருந்ததை ஒரே மடக்கில் குடித்துவிட்டேன்.