மழைக்கு முனகும் பெட்டி

பாய் இறந்து ஒரு வருஷம் கழித்து அவருடைய கடை என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஷட்டரும் பெயர்ப்பலகையும் பஜாரிலேயே நின்றுவிட்டன. உள்ளே இருந்தது அத்தனையும் ஒரு குட்டியானை வண்டியில் ஏறி வந்தது. ஆம்ப்ளிஃபையர் கூடுகள், ஸ்பீக்கர் காந்தங்கள், பிஸ்கட் டின்களில் உதிரி பாகங்கள், அவருடைய வேலை மேசை, அதன் மேல் எப்போதும் கிடக்கும் தோல் விரிப்பு, கடைசியாகப் போர்வையில் சுற்றிய ஒரு மரப்பெட்டி. வண்டிக்காரர் பெட்டியை மட்டும் தனியாகத் தூக்கி வந்து, இதைப் பத்திரமாக இறக்கச் சொன்னார்கள் என்றார். குழந்தையை வாங்குவது மாதிரி இரண்டு கைகளாலும் வாங்கி, கனம் தாங்காமல் என் கால் கட்டைவிரலிலேயே போட்டுக்கொண்டேன். அன்றைக்குக் கண்ணில் வந்த தண்ணீரில் பாய்க்கு எவ்வளவு, விரலுக்கு எவ்வளவு என்று இன்றுவரை என்னால் பிரிக்க முடியவில்லை.

பாய் என் தோஸ்த். ஆம்பூர் பஜாரில் ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். நான் ஒரு ஷூ கம்பெனியில் எலெக்ட்ரீஷியன். தையல் மெஷின் மோட்டார் எதுவாவது புகைந்தால் ஓடிப்போய், அது அணைந்துவிட்டது என்று உறுதியான பிறகு தைரியமாக முன்னால் நிற்பவன். ஷிஃப்ட் முடிந்ததும் அவர் கடைக்குப் போவேன். இரண்டு பேருக்கும் ஒரே கிறுக்கு. கடையில் விற்கும் கீபோர்டை வாங்கி வாசிக்கிற கிறுக்கு இல்லை, கீபோர்டுக்கு உள்ளே சத்தம் எப்படிப் பிறக்கிறதோ அதை முதலிலிருந்து நாமே கட்டுகிற கிறுக்கு. ஒவ்வொரு பாகமாக ஈயம் வைத்துப் பற்றவைத்து, சுவிட்சைப் போட்டால் ஒரு ஸ்வரம் எழும்ப வேண்டும். நான் கட்டியவை கொசு மாதிரி கத்தும், சில சமயம் புகையும். அவர் கட்டியவை பாடும்.

அந்த மரப்பெட்டி ஒன்றைத் தவிர. அதைப் பல வருஷமாகக் கட்டினார். அது சுருதியில் நிற்கவே இல்லை. ஸ்வரம் எழும்பும், கொஞ்ச நேரத்தில் வழுக்கும், பிறகு முனக ஆரம்பித்துவிடும். அவர் பிரித்தார், மறுபடி கட்டினார், மறுபடி பிரித்தார். ரிப்பேருக்கு வந்த வேலையெல்லாம் மூலையில் தூசி பிடித்தது. வாடிக்கை கம்மியானது. சொந்தக்காரர்கள் கல்யாண வீடுகளில் அவரை உட்கார வைத்துக்கொண்டே அந்தப் பெட்டியைப் பற்றிச் சிரித்தார்கள்.

சாமான்கள் வந்த மறுநாள் பாபி போன் செய்தார். பாயின் மனைவி. அவர் போன பிறகு பேர்ணாம்பட்டில் அம்மா வீட்டோடு இருக்கிறார்.

"அண்ணா, மத்ததெல்லாம் நீங்களே வெச்சிக்கங்க. அந்தப் பெட்டிய மட்டும் பாத்து ஒண்ணு சொல்லுங்க. அவரு பண்ணது வேலையா, பைத்தியமா? எல்லாரும் பைத்தியம்னாங்க. நானும் சொல்லியிருக்கேன். நீங்க பாத்து சொல்லுங்க. எனக்காக பொய் மட்டும் சொல்லிடாதீங்க."

சரி என்றேன். பொய் சொல்லாதே என்று என்னிடம் நேராகக் கேட்பது, என் தொழிலையே பிடுங்குகிற மாதிரி.

மாடியில் தகர ஷீட் போட்ட ஒரு அறை இருந்தது. வடகப் பானையையும் விருந்தாளித் தலையணைகளையும் இறக்கிவிட்டு அதை எனக்குக் கொடுத்தாள் மனைவி. கொடுக்கும்போதே, செத்தவர் சாமானை வீட்டில் வைப்பதே தப்பு, இதில் நீங்கள் அதற்குக் கரண்டு வேறு கொடுக்கப் போகிறீர்கள் என்றாள். நான் சிரித்தேன். சிரித்துவிட்டு அறைக்கு இரண்டாவதாக ஒரு டியூப்லைட் மாட்டினேன்.

அறையைத் திட்டம் போட்டு அடுக்கினேன். கரண்டு வருகிற ஒயர் எல்லாம் ஒரு சுவர், சத்தம் போகிற ஒயர் எல்லாம் எதிர்ச் சுவர். இரண்டும் உரசினால் பாட்டுக்கு நடுவில் கிரைண்டர் ஓடுகிற மாதிரி இரையும். பாயின் மேசை ஜன்னலுக்குக் கீழே. பற்றவைக்கிற கோல் வலது கைக்கு, கரண்டு அளக்கிற மீட்டர் இடது கைக்கு. சுவரில் பலகை அடித்து, ஆணி வரிசையில் ஒயர்களை நிறவாரியாகத் தொங்கவிட்டேன். மாடியிலிருந்து தென்னை மரத்தடி வரை தனியாக ஒரு எர்த் கம்பி இறக்கினேன். மேசையின் மேல் அவருடைய விரிப்பையே விரித்தேன். தோல் பதனிடுகிற ஷாப்பில் ஓட்டை விழுந்து கழித்துப் போட்ட ஆட்டுத்தோல் அது. மருந்தில் ஊறி நீலம் பாரித்து, சாயம் ஏற்றாமலே காய்ந்தது. பாபி கையால் ஷூவின் மேல்தோலை, அப்பரை, தைக்கிறவர். அதே கெட்டி நூலில் நாலு ஓரமும் மடித்துத் தைத்து, மேசை கீறாமல் இருக்க அவருக்குக் கொடுத்திருந்தார். பெட்டியை அதன் மேல் வைத்தேன். பெட்டிக்கு அடிப்பலகை கிடையாது. நினைத்தபோது கவிழ்த்துப் பார்க்க வசதியாகப் பாய் அப்படியே விட்டிருந்தார். சர்க்கிட் போர்டு நேராகத் தோலின் மேல் உட்கார்ந்தது.

டின்களில்தான் தடுமாறினேன். உலகத்தில் எல்லோரும் ரெசிஸ்டரை ரெசிஸ்டரோடு, அளவுவாரியாகப் போட்டு வைப்பார்கள். பாய் அவற்றை எந்த மெஷினிலிருந்து கழற்றினாரோ அந்த மெஷினோடு சேர்த்து வைத்திருந்தார். ஒரு டின் முழுக்க டீக்கடை ரேடியோ. ஒரு டின் கல்யாண மண்டபத்து ஆம்ப்ளிஃபையர். ஒரு டின் மூடிப்போன தியேட்டர். இப்படி வைத்தால் எதையாவது தேடி எடுக்க முடியுமா என்று உயிரோடு இருக்கும்போதே அவரைக் கிண்டல் செய்திருக்கிறேன். இப்போது எல்லாவற்றையும் கொட்டி, அளவு பார்த்துப் பிரித்து, புது டப்பாக்களில் போட்டேன். அறை மருந்துக்கடை மாதிரி பளிச்சென்று ஆனது. எனக்கு என்னவோ வெறுமையாக இருந்தது.

சுள்ளென்று வெயில் அடித்த ஒரு நாள் பெட்டிக்குக் கரண்டு கொடுத்தேன். ஹார்மோனியம் மாதிரி அதில் பதித்திருந்த கட்டைகளில் ஒன்றை அழுத்தினேன். சுத்தமான ஒரு ஸ்வரம் வந்தது. வழுக்கவில்லை, முனகவில்லை. பாயால் பல வருஷம் முடியாததை ஒரு எர்த் கம்பியால் முடித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். கீழே இறங்கிப் போய் மனைவியிடம் என் திறமையைப் பற்றி அடக்கமாக, கொஞ்சம் நீளமாகவே பேசினேன்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் ஏலகிரிப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. அறையில் உட்கார்ந்து ஒயர் சீவிக்கொண்டிருந்தேன். பெட்டி ஆன் ஆகித்தான் இருந்தது, சத்தமில்லை. மழை ஷீட்டில் விழுந்து கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். கட்டையை யாரும் தொடாமலே பெட்டி முனகியது.

சாப்பிட்டுப் படுத்த ஒரு மனிதர் தூக்கத்தில் முனகுகிற மாதிரி. எனக்கு அந்தச் சத்தம் தெரியும். பாயின் கடையில் எத்தனையோ சாயங்காலம் கேட்டது.

"இன்னா பாய்" என்றேன், என்னை அறியாமல். முழங்கையை மேசையில் ஊன்றினேன். முனகல் கொஞ்சம் மேலே ஏறியது. கையை எடுத்தேன், இறங்கியது. டின்களைக் கலைத்ததில் கோபமா என்று கேட்டேன். கை மறுபடி மேசையில் பட்டது. ஏறியது. அன்றைக்கு நான் கேட்ட எல்லாக் கேள்விக்கும் பதில் ஆமாம்தான்.

சுவிட்சை அணைத்தேன். அணைத்த பிறகும் அது நிற்கவில்லை. தேய்ந்து, இழுத்து, கீழே கீழே போய்த்தான் அடங்கியது. பெட்டிக்குள் கெபாசிட்டரில் சேர்ந்த கரண்டு வடியக் கொஞ்சம் நேரம் ஆகும், அதனால் சுவிட்சை அணைத்த பிறகும் சத்தம் இழுக்கும். இது எனக்கு நன்றாகத் தெரியும். என் கால்களுக்குத் தெரியவில்லை. அவை பாதி மாடிப்படியைத் தாண்டியிருந்தன.

மனைவி என்னைப் பார்த்ததும் விஷயத்தைப் புரிந்துகொண்டாள். எலுமிச்சம்பழம் கட்டலாமா என்று கேட்டேன். "அவரு பாயிங்க. எலுமிச்சம்பழத்துக்கு எப்படி பயப்படுவாரு?" என்றாள். அதுவும் நியாயம்தான் என்று தர்காவில் ஒரு தாயத்து வாங்கி வந்து மீட்டரில் கட்டினேன். எதற்கும் இருக்கட்டும் என்று எலுமிச்சம்பழத்தையும் கட்டினேன்.

அதோடு நிற்காமல், கலைத்த டின்களை மறுபடி பழையபடி அடுக்க உட்கார்ந்தேன். அப்போதுதான் உண்மையிலேயே பயந்தேன். டீக்கடையிலிருந்து வந்தது எது, தியேட்டரிலிருந்து வந்தது எது? எல்லாம் ஒரே மாதிரி பழுப்பு வில்லைகள். அது தெரிந்த ஒரே ஆள் இப்போது உயிரோடு இல்லை. மத்தியான வெளிச்சத்தில் அவ்வளவையும் பரப்பி வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த மழையன்று பெட்டி முனகியபோது, இதைத் தூக்கிப் பேர்ணாம்பட்டிலேயே சேர்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஒயரைப் பிடுங்கக்கூடக் கை வரவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே தூக்கினேன். முனகல் பட்டென்று நின்றது. வைத்தேன், முனகியது. தூக்கினேன், நின்றது. இடுப்புப் பிடிக்கிறவரை இதையே செய்தேன். கடைசியில் பெட்டியை நாற்காலியில் வைத்துவிட்டு மேசையைப் பார்த்தேன்.

விரிப்பு ஈரத்தில் கறுத்திருந்தது. தையல் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. குனிந்து நக்கினேன். எங்கள் ஊரில் தோலை நக்கிப் பார்ப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. உப்பு.

பதனிடும்போது தோலில் ஏறிய உப்பு மழைக்காற்றில் ஈரத்தைக் குடிக்கும். ஈரமான உப்புத் தோலில் கரண்டு துளித் துளியாக ஓடும். பெட்டிக்குள் ஸ்வரத்தைப் பிடித்து வைத்திருப்பது நூலிழை மாதிரி ஒரு கரண்டு. அடிப்பலகை இல்லாத போர்டிலிருந்து அது தோல் வழியாகக் கசிந்து கொண்டிருந்தது. நான் கை வைத்தால் எனக்குள்ளும் வந்தது. இத்தனை நாளும் நான் பேசிக்கொண்டிருந்தது பாயோடு இல்லை, ஒரு ஆட்டுத்தோலோடு.

சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றது. பாயின் கடைச் சுவரில் கோடையிலும் ஈரம் கசியும். அப்படியானால் சர்க்கிட் முதலிலிருந்தே சரி. அவர் பிரித்ததெல்லாம் பிரிக்க வேண்டாதது. பைத்தியம் இல்லை, வேலைதான் என்று பாபியிடம் அடித்துச் சொல்லலாம். ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். கெடுத்தது எது? நீங்கள் தைத்துக் கொடுத்த விரிப்பு.

பாபி வந்த அன்று நல்ல வெயில். விரிப்பைச் சுருட்டிச் சுவர்ப் பலகைக்குப் பின்னால் செருகி, பெட்டிக்கு அடியில் கண்ணாடிப் பலகை வைத்திருந்தேன். அவர் மாடி ஏறி வந்து, புர்காவின் நுனியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்து, ஒரு கட்டையை அழுத்தினார். சுத்தமாக வந்தது. அதையே மறுபடி மறுபடி அழுத்தினார். நான் சர்க்கிட்டைப் பற்றிச் சொன்னேன், இது பைத்தியக்காரன் கட்டியது இல்லை என்றேன், என்னால் முடியாதது என்றேன். எதிலும் பொய் இல்லை.

"அப்ப அங்க ஏன் அழுதுச்சி?" என்றார்.

"ஈரம், பாபி. கடையில ஈரம் ஜாஸ்தி."

அவர் மேசையைப் பார்த்தார். "இதுமேல ஒரு தோல் இருக்குமே. எங்க?"

"தொவைக்கப் போட்டிருக்கேன்."

டீ கொண்டுவந்த என் மனைவி தலையைத் திருப்பிக்கொண்டாள். வாழ்நாள் முழுக்கத் தோலைத் தைத்த ஒரு பெண்ணிடம் நான் சொன்ன பொய் அது.

"தோல யாருண்ணா தொவைப்பாங்க?" என்றார் பாபி. கண்ணாடிப் பலகையை ஒரு விரலால் தட்டிப் பார்த்தார். "அதுதானா?"

தலையாட்டினேன்.

"அவருக்குத் தெரியும்" என்றார். "ஒரு நாளு அத சுருட்டி வெச்சிட்டு, இப்ப பாடுது வந்து கேளுன்னு கூப்ட்டாரு. நான் போவல. நான் தெச்சது உங்களுக்கு ஆவலன்னா தூக்கிப் போட்டுருங்கன்னேன். அத ஒதுக்கறதுக்குக் கத கட்றாருன்னு நெனச்சேன். மறுநாளே விரிச்சிட்டாரு. அப்புறம் எடுக்கவே இல்ல."

விரிப்பை எடுத்துத் தரச் சொன்னார். பெட்டிக்கு அடியில் அவரே விரித்தார். அழுத்தினார். அன்றைய வெயிலுக்குத் தோல் காய்ந்து கிடந்தது. சுத்தமாகத்தான் பாடியது. எழுந்துகொண்டார்.

"மழ வந்தா சொல்லுங்கண்ணா, வர்றேன். அத வெச்சே கேக்கணும்."

அவரைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து பெட்டியைக் கவிழ்த்தேன். ஓரத்தில் எனக்கு என்னவென்று புரியாமல் விட்ட ஒரு குட்டி போர்டு இருந்தது. இப்போது புரிந்தது. ஸ்வரம் கீழே வழுக்க வழுக்க அதை மேலே இழுத்துப் பிடிக்கப் பார்க்கிற சர்க்கிட். அதில் பற்றவைத்து எடுத்து, பற்றவைத்து எடுத்து, ஒட்டியிருந்த செம்பே உரிந்து போயிருந்தது. விரிப்பை எடுக்காமலே பெட்டியைப் பாட வைத்துவிட முடியும் என்று பாய் கடைசிவரை முயன்றிருக்கிறார்.

போன வாரம் மழை வந்தது. மாடியில் பெட்டி முனகிக்கொண்டிருந்தது. நான் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, போனைக் கையில் வைத்துக்கொண்டு பாபியின் எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதுவே அடித்தது. பாபி.

"அண்ணா, இங்க பெய்யுது. அங்க இல்லையா?"

ஷீட்டில் சரளைக்கல்லைக் கொட்டுகிற மாதிரி விழுந்துகொண்டிருந்தது. என் குரலே எனக்குக் கேட்கவில்லை.

"இங்க ஒரு தூறல் கூட இல்ல, பாபி" என்று கத்தினேன்.

அந்தப் பக்கம் அவர் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். மழையையா, அதற்கு அடியில் இருந்த அந்தச் சத்தத்தையா, தெரியவில்லை.

"சரிண்ணா" என்றார். "பேஞ்சா சொல்லுங்க."