சந்தானம் லாக் அவுட் செய்த மாலை

தார்நாகாவில் இருந்த அந்த ஆய்வுக்கூடத்தில் கம்ப்யூட்டர் என்றால் சந்தானம், சந்தானம் என்றால் கம்ப்யூட்டர். பிரிண்டர் மக்கர் செய்தாலும் சரி, பாஸ்வேர்ட் மறந்துபோனாலும் சரி, டாக்டர் பட்டம் வாங்கியவர்கள்கூட அவர் மேஜைக்கு வந்து கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். கும்பகோணத்திலிருந்து வந்து டெக்னீஷியனாகச் சேர்ந்த மனிதருக்கு அல்வாலில் ஒரு சின்ன வீடும் இந்தப் பெயரும்தான் சொத்து. 2006ல் ஸ்டெல்லாவும் டெக்னீஷியனாக வேலைக்கு வந்தாள். பெயருக்கு ஆபத்து வந்தது.

பெரிய கணக்குகளை ஓட்ட அங்கே ஒரே ஒரு லினக்ஸ் இயந்திரம் இருந்தது. எல்லோருக்கும் பொதுவாக ஒரே லாகின். கறுப்பு ஜன்னல் ஒன்றைத் திறந்து புரோகிராமை ஓடவிட்டால் அது நாள்கணக்கில் ஓடும். நடுவில் யாராவது லாக் அவுட் செய்தால் ஜன்னல்கள் மூடிக்கொள்ளும், அதில் ஓடிய கணக்கும் அம்பேல். அதனால் சந்தானம் ஒரு சட்டம் போட்டிருந்தார். மானிட்டரை மட்டும் அணைக்கலாம், லாக் அவுட் கூடாது. கீபோர்டின் மேல் 'தொடாதே' என்று தெலுங்கிலும் இங்கிலீஷிலும் எழுதிய அட்டை ஒன்று எப்போதும் கிடக்கும். ஆயுத பூஜைக்கு அந்த அட்டைக்கும் ஒரு குங்குமப் பொட்டு விழும்.

ஸ்டெல்லா லாலாகுடா ரயில்வே காலனிப் பெண். அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். தமிழ் பேசினால் பாதியில் தெலுங்கும் ஹிந்தியும் வந்து ஒட்டிக்கொள்ளும். வந்த சில மாதங்களிலேயே தலைமை விஞ்ஞானி சீனிவாசன் எதற்கெடுத்தாலும் "ஸ்டெல்லாவைக் கேளுங்க" என்று சொல்ல ஆரம்பித்தார். ஒரு நாள் சந்தானத்தின் எதிரிலேயே சொன்னார். அன்று சந்தானத்துக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. அவள் சிரித்தால் தன்னைப் பார்த்துச் சிரிப்பதாகப் பட்டது. சிரிக்காவிட்டால் திமிர் என்று பட்டது.

இந்த லட்சணத்தில் புனேயில் ஒரு விஞ்ஞானிகள் கூட்டம் வந்தது. "புதன்கிழமை யார் ரிசல்ட் கையில இருக்கோ, அவங்க போய் மேடையில பேசட்டும்" என்றார் சீனிவாசன். டெக்னீஷியனை மேடையேற்ற அந்த ஆய்வுக்கூடத்தில் யாரும் நினைத்ததே இல்லை. சந்தானம் சலவைக்குப் போட்ட கோட்டைக்கூட வாங்கி வந்துவிட்டார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம், தன் கணக்கும் ஸ்டெல்லாவின் கணக்கும் ஓடிக்கொண்டிருந்த இரண்டு ஜன்னல்களையும் பார்த்தார். அவருடைய கணக்கு முடிய இன்னும் இரண்டு நாளாவது ஆகும். அவளுடையது விடிவதற்குள் முடிந்துவிடும்.

வயிறு எரிந்தது. அதைப் பூசி மெழுகிச் சொல்ல வேண்டியதில்லை.

அவள் ஜன்னலை மட்டும் மூடினால் மாட்டிக்கொள்வோம். எல்லாமே போனால் யாரும் யாரையும் கேட்கப்போவதில்லை. கூட்டத்துக்கு அனுபவஸ்தனை அனுப்புவார்கள். ஊழியர் பஸ் கிளம்பும்வரை காத்திருந்து, தன் கையால் எழுதிய அட்டையைத் தன் கையாலேயே எடுத்து ஓரமாக வைத்தார். லாக் அவுட் செய்தார். அத்தனை நாள் ஓடிய தன் கணக்கும் சேர்ந்து போவது தெரிந்தே செய்தார். வெளியே வந்து இரானி ஓட்டலில் ஒன்றுக்கு இரண்டாகச் சமோசா சாப்பிட்டார். வெகு நாளைக்குப் பிறகு ருசி தெரிந்தது.

மறுநாள் காலையில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இயந்திரத்தின் பக்கத்தில் நின்றார். சீனிவாசனும் வந்திருந்தார். ஸ்டெல்லா டிபன் பாக்ஸோடு வந்து, லாகின் கேட்டு நின்ற திரையைப் பார்த்தாள்.

"என்ன சார் ஆச்சு?"

"ராத்திரி கரண்ட் போயிருக்கும்மா. யூபிஎஸ் கிழடு, தாங்கல. என்னுதும் போச்சு, உன்னுதும் போச்சு."

அவள் உட்கார்ந்து லாகின் செய்தாள். புது ஜன்னல் திறந்து ஒரே ஒரு வரி அடித்தாள். திரை முழுக்க எண்கள். கடைசியில் 'முடிந்தது' என்று இங்கிலீஷில் ஒரு சொல்.

"என்னுது இருக்கு சார்."

"எப்படிம்மா?" என்றார் சீனிவாசன்.

"ஸ்க்ரீன்னு ஒரு புரோகிராம் இருக்கு சார். நம்ம கணக்கை அதுக்குள்ள ஓட்டினா, ஜன்னலை மூடினாலும் லாக் அவுட் பண்ணாலும் அது பாட்டுக்கு ஓடிட்டிருக்கும். அப்புறமா வந்து கூப்பிட்டா விட்ட இடத்துல நிக்கும். சந்தானம் சாருக்குத் தெரியாமலா இருக்கும்னு நான் சொல்லல."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றி சுருங்கியது.

"ஆனா கரண்ட் போயிருந்தா இதுவும் செத்திருக்கணுமே சார். மிஷின் அணையவே இல்ல. யாரோ லாக் அவுட் பண்ணிருக்காங்க."

சீனிவாசன் மெல்லத் திரும்பினார். "நேத்து ரூமைப் பூட்டினது யாரு?"

அறைச் சாவி சந்தானத்தின் இடுப்பில்தான் தொங்கும் என்பது வாட்ச்மேன் உட்பட எல்லோருக்கும் தெரியும். ஸ்டெல்லா அவர் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துபோனது அவருக்கும் தெரிந்தது.

"நக்கோ சார், வேணாம், விடுங்க" என்றாள் சீனிவாசனிடம். "கூட்டுற ஆள் தெரியாம எதையாவது தொட்டிருப்பான். பாவம், சந்தானம் சாரோடதும்தானே போச்சு."

மேடையை விட்டுக்கொடுத்திருப்பார் சந்தானம். பெயரையும்கூட ஒரு வழியாக விட்டுக்கொடுத்திருப்பார். அந்த நல்ல மனசும் அவளிடமே இருந்ததைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.