குழவிக்கல்லைக் கழுவப் போன மத்தியானம்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். போன வருஷம் வரை நானே பேய் என்றால் சிரிக்கிறவள்தான். மண்டையோட்டைத் துடைத்துவிட்டு அடுத்த நிமிஷம் டிபன் பாக்ஸைத் திறக்கிற பிழைப்பு எனக்கு. ஆனால் இது நடந்தது. ராத்திரியில்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல், மணி 2.10.

பழைய இடங்களைத் தோண்டுகிற வேலையில் எனக்குப் பதினோரு வருஷம். அந்த ஜோடிக் கல்லை மண்ணிலிருந்து எடுத்தவள் நான்தான். பத்தொன்பது நாள் முட்டி போட்டு, பிரஷ்ஷால் தள்ளித் தள்ளி எடுத்தேன். தட்டு மாதிரி குழிந்த அரைகல் ஒன்று. உள்ளங்கைக்குள் அடங்கும் குழவி ஒன்று. விவசாயம் வருவதற்கு முன்பே யாரோ விதை அரைத்துச் சாப்பிட்ட கல். அதைக் கழுவவே கூடாது என்பது எங்கள் தொழிலில் சட்டம். கல்லின் துளைகளில் ஒட்டியிருக்கும் மாவுத்துகள்தான் சாட்சி. கழுவிவிட்டால் அது வெறும் கல்.

அந்த மாவை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறவள் என் தங்கச்சி. அதே ஆபீஸ். முப்பத்திரண்டு வயதாகியும் எல்லோருக்கும் அவள் ‘பாப்பா’. வெள்ளிக்கிழமை மத்தியானம் மீட்டிங்கில் டைரக்டர் சொன்னார். “இந்தக் கல்லைப் பத்தின கட்டுரையில பாப்பா பேரு முதல்ல வரட்டும்.”

நான் சிரித்தேன். வயிறு எரிந்தது. சின்ன வயதிலிருந்து இதே கதைதான். பாடுபடுகிறவள் ஒருத்தி, பேர் வாங்குகிறவள் ஒருத்தி. அம்மா வாயைத் திறந்தாலே, “அவளைப் பாத்துக் கத்துக்கோ.” பொறாமைதான். பூசி மெழுக எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை அவள் மாவு எடுப்பதாக இருந்தது. அதனால் ஞாயிற்றுக்கிழமை குழவியைக் கழுவப் போனேன்.

ஆய்வறையில் யாரும் இல்லை. ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. பாப்பாவின் மேசையில் அவளுடைய நீலக் கப். அரைகல்லுக்கு ஒரு பெட்டி, குழவிக்கு ஒரு பெட்டி என்று தனித்தனியாக வைத்தது நான். முதலில் கைக்கு வந்த அரைகல் பெட்டியைத் திறந்தேன். குழவி அதன்மேலேயே உட்கார்ந்திருந்தது.

குழவிப் பெட்டி டேப் ஒட்டியபடி அப்படியே இருந்தது. பாப்பாவின் வேலையாக இருக்கும் என்று நினைத்தேன். எரிச்சல் இன்னும் கூடியது.

அரைகல்லை மேசைமேல் வைத்தேன். 2.14-க்குக் குழாயடியில் நின்று குழவியைப் பிடித்தேன்.

சூடாக இருந்தது.

குழாயில் கை வைத்தேன். பின்னாலிருந்து சத்தம்.

கர்ர்ர்... கர்ர்ர்...

திரும்பினேன். மேசைமேல் அரைகல் மட்டும். அரைக்கிற சத்தம் மட்டும்.

என் கையில் குழவி அசைந்தது. முன்னே... பின்னே...

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இது அடிக்காமலே நகர்ந்தது.

என் கைமேல் இன்னொரு கை. கண்ணுக்குத் தெரியவில்லை. கனம் மட்டும்.

காதருகே மூச்சு. அவசரமே இல்லாத மூச்சு.

கர்ர்ர்...

மணி 4.50.

நான் தரையில் முட்டி போட்டிருந்தேன். முன்னால் அரைகல். கையில் குழவி. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அதில் படவில்லை. உள்ளங்கையில் கொப்புளம். அறை முழுக்கப் பச்சைக் கிழங்கு வாடை.

பக்கத்தில் பாப்பாவின் நீலக் கப் இருந்தது.

அதில் பாதி வரை வெள்ளை மாவு.

மாவைக் கழிப்பறையில் கொட்டினேன். கப்பை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவி மேசையில் வைத்தேன். கற்களைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டு ஓடி வந்தேன். கழுவுகிற எண்ணமே போய்விட்டது.

திங்கள் காலை 10.20. பாப்பா டீயோடு என் மேசைக்கு வந்தாள். அதே கப்.

“டைரக்டர்கிட்ட சண்டை போட்டுட்டேன்க்கா. உன் பேருதான் முதல்ல. கல்லு உன்னோடது.”

அவள் ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தாள்.

“என்னன்னு தெரியல, கசக்குது.”

கப்பைத் தட்டிவிட்டேன். கீழே விழுந்து உடைந்தது. “பைத்தியமா உனக்கு?” என்றாள். அன்று சாயங்காலத்துக்குள் அவளுக்கு ஆறு தடவை வாந்தி. சாப்பாடு சேரவில்லை என்றார் டாக்டர். இரண்டு நாள் படுத்து எழுந்தாள்.

வியாழக்கிழமை என்னை மைக்ராஸ்கோப் பக்கம் கூப்பிட்டாள்.

“குழவியில ரெண்டு தடவை மாவு எடுத்தேன்க்கா. வெள்ளிக்கிழமை சாயங்காலமே ஒண்ணு, சரிபாக்க திங்கட்கிழமை காலைல ஒண்ணு. முதல்ல எடுத்ததுல வெறும் புல்விதை. அடுத்ததுல ஒரு விஷக் கிழங்கு. இந்தப் பக்கம் அது அழிஞ்சே பல ஆயிரம் வருஷமாச்சு.”

“அதுவும் பழசுதானே?”

“இல்லக்கா. பழசுன்னா உடைஞ்சு, மங்கிப்போயிருக்கும். இது முழுசா, பளிச்சுன்னு இருக்கு. நான் எடுக்குறப்போ இதை அரைச்சு ஒரு நாள்கூட ஆகியிருக்காது.” என் உள்ளங்கையைப் பார்த்தாள். “கையில என்னக்கா?”

கையை மடக்கிக்கொண்டேன்.

கட்டுரை வந்துவிட்டது. என் பேர்தான் முதலில் இருக்கிறது. திங்கட்கிழமை எடுத்த மாவைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அவளும் அப்புறம் கேட்கவில்லை. ஆனால் இப்போதெல்லாம் நான் டீ போட்டுக் கொடுத்தால் அவள் குடிப்பதில்லை.

கொப்புளம் இன்னும் ஆறவில்லை.